கையெழுத்துப் போட்ட காசு

கிட்டே வாருங்கள், என் கண்ணுகளா. அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். குழந்தை சிணுங்கினால் மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே கேளுங்கள். கடல் தாண்டித் தனியாகப் போகிறவள் கையில் காசை எப்படிப் பத்திரமாகக் கொண்டுபோவாள் என்று போன வாரம் எல்லோரும் கவலைப்பட்டீர்கள் அல்லவா? அந்தக் காசு கப்பல் ஏறும் முன்பே, கொச்சி மட்டாஞ்சேரி வீட்டுக்குள்ளேயே காணாமல் போன கதையை இன்றைக்குச் சொல்கிறேன். பயந்துவிடாதீர்கள். கடைசி வரைக்கும் நான் உங்கள் பக்கத்திலேயே இருப்பேன்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை.

காமாக்ஷியின் புருஷன் வாஞ்சிநாதன் லண்டனில் ஒரு மின்சாரக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். வருஷக்கணக்காகத் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு அலுத்துப்போய், இப்போதுதான் இரண்டு அறை கிடைத்து அவளை வரச் சொல்லியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கொச்சித் துறைமுகத்தில் கப்பல் ஏறவேண்டும். மார்ஸேல்ஸ் என்கிற ஊரில் இறங்கி, அங்கிருந்து ரயில், பிறகு ஒரு சின்னக் கப்பல், மறுபடி ரயில். லண்டன் ஸ்டேஷனில்தான் அவன் வந்து நிற்பான். அதுவரைக்கும் அவளுக்கு அவளே துணை.

அவள் இருப்பது வாஞ்சியின் அண்ணா கல்யாணராமன் வீட்டில். கல்யாணராமன் பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கணக்கர். அவர் மனைவி கனகாம்பாள். காமாக்ஷிக்கு மன்னி முறை. பாலக்காட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வாழ வந்த நாள் முதல் இரண்டு பேரும் ஒரே அம்மியில் அரைத்தவர்கள், ஒரே கொடியில் துணி காயப்போட்டவர்கள். ஆனால் கப்பல் டிக்கெட் வாங்கிய அன்றோடு கனகாம்பாள் காமாக்ஷியிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. பொறாமை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

காமாக்ஷியின் அப்பா போட்ட இரட்டைவடச் சங்கிலியை விற்ற பணம் வழிச்செலவுக்கு. 'ரொக்கமாக எடுத்து வராதே, பாங்கில் கட்டி டிராவலர்ஸ் செக்காக மாற்றிக்கொள்' என்று வாஞ்சி எழுதியிருந்தான். அதன்படி வியாழக்கிழமை பாங்குக்குப் போய், ஒவ்வொரு தாளிலும் மேலே தன் பெயரைத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தாள். சாமி அலமாரியில் வைத்தாள். அவ்வளவுதான் முன்கதை. இனி சனிக்கிழமைக் காலைக்கு வாருங்கள்.

குளித்துவிட்டு வந்த காமாக்ஷி, ஈரத்தலையில் துண்டோடு, செக் உறையை எடுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். மறுபடி புரட்டினாள். பாங்கில் செக் நம்பர்களை எழுதிக் கொடுத்த தனித்தாளை எடுத்து ஒத்துப்பார்த்தாள்.

முதல் தாள் இல்லை.

"அண்ணா!" என்று கூப்பிட்டாள்.

கல்யாணராமன் காப்பி டம்ளரோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் டம்ளரைக் கீழே வைக்க இடம் தெரியாமல் ஜன்னல் கம்பியில் வைக்கப் பார்த்தார்.

"நன்னா பாத்தியோ? புதுக் காகிதமாக்கும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிண்டிருக்கும். எச்சல் தொட்டுப் பாரு."

"பாத்துட்டேன் அண்ணா. நேத்து விளக்கு வெச்சப்போ எல்லாம் இருந்தது."

"அலமாரியிலே விழுந்திருக்கும். பாயைத் தூக்கு. அந்தச் செம்பை நகர்த்து. எலி இழுத்துண்டு போயிருக்குமோ?"

சமையலறையிலிருந்து கனகாம்பாளின் குரல் கேட்டது. அவள் தோசைக்கல்லோடு பேசிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் காமாக்ஷியிடம் சொல்லவேண்டியதை எல்லாம் பாத்திரங்களிடம்தான் சொல்வாள்.

"கேட்டியா தோசைக்கல்லே, சாமி அலமாரியை இப்படிக் கொடைஞ்சா சாமியும் எழுந்து போயிடும். சாப்பிடறவா வந்து சாப்பிடட்டும். ஆறிப்போறது."

"தோசை ஒண்ணுதான் கொறைச்சல்!" என்று கத்தினார் கல்யாணராமன். "ஆத்துக்குள்ளே யாருடி வந்தா காலம்பர?"

"யாரு வருவா? வீரலட்சுமி பெருக்க வந்தா. பெருக்கினா, போனா."

கல்யாணராமன் அந்தப் பெயரை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். காமாக்ஷிக்கு அது பிடிக்கவில்லை.

"அவ எடுக்க மாட்டா அண்ணா."

"யார் எடுத்தாளோ, எடுக்கலையோ. காமு, இங்கே வா. கேட்டுக்கோ. நேக்கு இன்னிக்கு கோடவுன்லே சரக்கு ஏத்தற ஜோலி. லீவு கேட்டா முதலாளி கடிச்சுத் தின்னுடுவார். நீ பாங்குக்குப் போ. இன்னிக்கு சனியாக்கும், மத்தியானத்தோட சாத்திடுவா. பாங்கிலே இது நேராகலைன்னா நாளைக்குக் கப்பல் கிடையாது. ஒரு பொம்மனாட்டியை, அதுவும் நடுவழியிலே செல்லுமோ செல்லாதோன்னு ஒரு காசைக் கையிலே கொடுத்து, அந்தப் பிரெஞ்சுக்காரன் ஊர்லே இறக்கி விட்டா வாஞ்சி என்னை என்ன கேப்பான்? டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துடலாம். அடுத்த கப்பல் எப்போ இடம் கிடைக்கறதோ அப்போ பாத்துக்கலாம்."

"அண்ணா, அடுத்த கப்பலுக்குக் கிடைக்குமா?"

"கிடைக்கலைன்னா அவன் இங்கே வரட்டும்." சொல்லிவிட்டு அவருக்கே வருத்தமாகிவிட்டது. குரலைத் தணித்தார். "கனகம், நீ கூடப் போ. அவளைத் தனியா அனுப்பாதே."

கனகாம்பாள் அடுப்பை அணைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டாள்.

வாசலில் நாணுவின் ரிக்ஷா நின்றது. கையால் இழுக்கிற ரிக்ஷா. மலையாளியான நாணு அந்தத் தெருக்காரர்களுக்கு எல்லாம் பழக்கம்; பெண்களை 'அம்மியாரே' என்றுதான் கூப்பிடுவான். இரண்டு பெண்மணிகளும் ஏறி உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்கள் என்றால், ஒருத்தி இடது பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டும், ஒருத்தி வலது பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டும்.

பஜார் ரோட்டில் வண்டி நகர முடியவில்லை. சுக்கு மூட்டைகளைக் கைவண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். காற்றெல்லாம் மிளகு. காமாக்ஷி தும்மினாள்.

"நாணு," என்றாள் கனகாம்பாள், "தலையைத் துவட்டாம வந்தா தும்மல்தான் வரும்னு சொல்லு."

நாணு திரும்பிப் பார்த்தான். "ஆரோடு பறயணும் அம்மியாரே?"

"பக்கத்திலே உட்கார்ந்திருக்காளே, அவகிட்டே."

"அம்மியார்க்கு நேரே பறஞ்சூடே?"

"நேரே சொல்லணுமாமே! உன்னை ரிக்ஷா இழுக்கச் சொன்னேன், நியாயம் இழுக்கச் சொல்லலை."

நாணு முறைப்படி காமாக்ஷியிடம் திரும்பி, "தல தோர்த்தாஞ்ஞிட்டாணு தும்மல், கேட்டோ" என்று ஒப்புவித்தான். காமாக்ஷிக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே அழுகையும் வந்தது. முகத்தைத் தலைப்பால் துடைப்பதுபோல இரண்டையும் துடைத்துக்கொண்டாள். 'இன்னிக்கும்கூட என்னோட பேச மாட்டாளா? எது தொலைஞ்சாலும் இவளுக்கு ஒண்ணுமில்லை. நான் போகலைன்னா சந்தோஷம்கூடப் படுவாளோ என்னமோ' என்று நினைத்தாள். பாவம், பயத்தில் இருக்கிறவள் நினைப்பு அப்படித்தான் போகும். நீங்கள் அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பாங்கில் ஏஜென்ட் சங்கரலிங்கம் இருந்தார். அப்போதெல்லாம் பாங்கு மானேஜரை ஏஜென்ட் என்பார்கள். திருநெல்வேலிக்காரர். நெற்றியில் பட்டையாக விபூதி, மேலே கோட்டு. காமாக்ஷியைப் பார்த்ததும், "வாங்கம்மா, நாளைக்குக் கப்பல்லா? என்ன, இந்தப் பக்கம்?" என்று எழுந்து இரண்டு நாற்காலி போடச் சொன்னார்.

காமாக்ஷி சொல்லி முடிக்கும்போது அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. உறையை வாங்கி, தாள்களை மேசைமேல் வரிசையாக வைத்து, தன் பெரிய புத்தகத்தோடு ஒத்துப்பார்த்தார்.

"ஆமா. முதல் நம்பர் இல்ல. எப்பம் கடைசியாப் பாத்தீக?"

"நேத்து சாயங்காலம்."

"சரி. பதறாதீக. ரொக்கம்னா போனது போனதுதான். இது அப்படியில்ல. தொலைஞ்சா பாங்கு திருப்பித் தரும், அதுக்குத்தான் இதை வாங்கச் சொல்லுதது. ஆனா எப்படிப் போச்சுன்னு எழுதித் தரணும். திருட்டுன்னா போலீஸ்ல சொல்லியாகணும். நான் மெட்ராஸுக்குத் தந்தி அடிப்பேன். பதில் வாரதுக்குத் திங்களோ செவ்வாயோ ஆயிரும்."

"கப்பல் நாளைக்கு சார். அந்த ஒரு தாள் போனாப் போறது. மத்ததை எடுத்துண்டு போறேனே?"

"அங்கதான் சிக்கல். உங்க கையெழுத்து ஒருத்தன் கையில போயிருச்சு. அதை வெச்சு எழுதிப் பழகிட்டான்னா, மத்தத் தாளைப் பறிக்கத்தான் பாப்பான். நடுக்கடல்ல நீங்க என்ன செய்வீக? விசாரணை முடியுத வரைக்கும் மொத்தத்தையும் நிறுத்தி வைக்கதுதான் முறை. உங்களுக்குப் பாதுகாப்புக்காகத்தான் சொல்லுதேன்."

கனகாம்பாள் குடைக் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

சங்கரலிங்கம் பேனா மூடியைக் கழற்றினார். "வீட்டுக்கு வெளி ஆளு யாரு வந்து போவாக?"

"யாருமில்லை. பெருக்கறவ ஒருத்திதான்."

"பேரு?"

காமாக்ஷி மேசைமேலிருந்த தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரைச் சொல்லுங்கம்மா. எழுதிக்கிடுதேன்."

"எழுதினா அவளைக் கூப்பிட்டு விசாரிப்பாளா?"

"விசாரிக்கத்தானே செய்வாக."

"ஸ்டேஷன்லேயா?"

"வேற எங்க?"

காமாக்ஷி கண்ணை மூடித் திறந்தாள். போன மழைக்கு அவள் ஜுரத்தில் கிடந்தபோது, இடக்கொச்சியிலிருந்து நனைந்துகொண்டே வந்து கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போனவள் வீரலட்சுமி. அவளை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்த்தி வைத்துவிட்டு இவள் கப்பலேறி, அந்தக் கப்பலில் சோறு இறங்குமா?

"வேண்டாம் சார்," என்றாள். "பேரு எழுத வேண்டாம். எல்லாத்தையும் நிறுத்தி வெச்சுக்கோங்கோ. நான் நாளைக்குப் போகலை."

"என்னம்மா சொல்லுதீக? உங்க வீட்டுக்காரர் அங்க..."

"அவருக்கு எழுதிக்கறேன். அடுத்த கப்பல் எப்போ கிடைக்கறதோ அப்போ போறேன். கிடைக்கலைன்னா போகலை."

"காமு."

காமாக்ஷி திடுக்கிட்டுத் திரும்பினாள். எத்தனையோ நாளாகக் காதில் விழாத குரல் அது. தோசைக்கல்லிடம் பேசுகிற குரல் அல்ல. அவளைப் பார்த்துப் பேசுகிற குரல்.

"வாயை மூடு காமு. போகலையாம், போகலை. சார், பேனாவை மூடுங்கோ. ஒருத்தர் பேரும் எழுத வேண்டாம். அந்தத் தாள் தொலையலை. குருவாயூரப்பன்கிட்டே இருக்கு."

சங்கரலிங்கம் பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். "குருவாயூருக்கா அனுப்பிட்டீக? உண்டியல்லயா போட்டீக?"

"போடுவேனா? நேக்கென்ன பைத்தியமா? எங்காத்து சாமி அலமாரியிலேதான் இருக்கு, குருவாயூரப்பன் படத்துக்குப் பின்னாலே. மஞ்சத்துணியிலே முடிஞ்சு வெச்சிருக்கேன்."

"செக்கையா?"

அடுத்த அறையில் தட்டிக்கொண்டிருந்த டைப் மெஷின் நின்றுபோயிற்று.

"ஏன், செக்கை முடியப்படாதா? போறவ நல்லபடியாப் போய்ச் சேரணும்னா காசு முடிஞ்சு வெக்கறதில்லையா? உங்காத்துலே வெக்க மாட்டாளா?"

"வெப்பாக. எங்க அம்மா வெச்சிருக்கா. ஆனா ஒரு அணா, ரெண்டு அணா..."

"மன்னி!" காமாக்ஷிக்கு அப்போதுதான் பேச்சு வந்தது. "ஓரணாவை முடிஞ்சா போறாதா? எதுக்கு இதை எடுத்தேள்?"

"ஓரணாவுக்கு நான் எங்கேடி போவேன்? உங்கண்ணா அரிசிக்கும் புளிக்கும் கொடுக்கறது அவர் காசு. அதிலே எடுத்து முடிஞ்சா அவருக்கு வேண்டிண்ட மாதிரியாக்கும். போறவ நீ. உன் காசுன்னா உன் காசைத்தான் முடியணும். சரி, உன் பையிலேருந்து ஒரு நாணயம் எடுக்கலாம்னா, நாணயத்திலே யார் பேர் இருக்கு? இன்னிக்கு உன் கையிலே, நாளைக்குச் சாயாக்கடைக்காரன் கையிலே. குருவாயூரப்பனுக்கு ஆள் தெரிய வேண்டாமா?" கனகாம்பாள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "இதைப் பாத்தேன். இங்கிலீஷ் நேக்கு வராது. ஆனா மேலே உன் கையாலே 'காமாக்ஷி'ன்னு எழுதியிருந்தது. பேர் எழுதின காசை நான் என் ஜன்மத்திலே பாத்ததில்லை. இதைவிட வேறே எதை முடியறது?"

யாரும் சிரிக்கவில்லை. சங்கரலிங்கம் மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"கேட்டப்போ சொல்லப்படாதா மன்னி?"

"எப்படிச் சொல்வேன்? பேச்சை விட்டாச்சே. உங்கண்ணாகிட்டே சொன்னா அங்கேயே அவிழ்த்துடுவார்."

"சரிம்மா," என்றார் சங்கரலிங்கம். "இப்பம் ரிக்ஷாவிலே போய் எடுத்துட்டு வந்துருங்க. இங்க வெச்சு மறுபடி கட்டிக் குடுத்துருதேன்."

"அவிழ்க்கறதா? நன்னாருக்கே! இவ போய்ச் சேர்ந்து கடுதாசி வராம அதை அவிழ்க்கப்படாது. பாங்கு வேணும்னா இடிஞ்சு விழட்டும்."

"மன்னி!"

"சார் கோவிச்சுக்க மாட்டார். நீ சும்மா இரு."

"மஞ்சத்துணின்னீகளே, ஈரமாவா முடிஞ்சீக?"

"காய வெச்சுத்தான் முடிஞ்சேன். ஆனா கொஞ்சம் ஒட்டியிருக்கும். புது மஞ்சள்."

சங்கரலிங்கம் உதட்டைப் பிதுக்கினார். "அப்பம் அவிழ்த்தாலும் பிரயோஜனமில்ல. மஞ்சக் கறையோட ஒரு செக்கை மார்ஸேல்ஸ்ல நீட்டினா, ஆசிட் வெச்சு எழுத்தை அழிச்சிருக்குன்னு நெனச்சுருவான். அவனுக்கு மஞ்சளும் தெரியாது, குருவாயூரப்பனும் தெரியாது."

"அப்போ என்ன பண்றது சார்?" என்று கேட்டாள் காமாக்ஷி.

"என்ன பண்ண? ஒண்ணும் பண்ண வேண்டாம்." அவர் தாள்களை அடுக்கி உறைக்குள் போட்டு அவள் பக்கம் தள்ளினார். "தொலையலைன்னா பாங்குக்கு இதுல வேலையே இல்ல. உங்க செக்கு, உங்க வீட்டுல இருக்கு. மத்ததெல்லாம் நல்லாச் செல்லும். தந்தியும் வேண்டாம், போலீஸும் வேண்டாம். ஒரு தாள் கொறைஞ்சா வழிக்குப் போதுமா?"

"போறும் சார். ரயில் டிக்கெட் அவரே வாங்கி அனுப்பியிருக்கார். இது சாப்பாட்டுக்கும் கூலிக்கும் ஆபத்துக்கும்தான்."

"அந்த முடிச்சை எவனாவது தூக்கிண்டு போயிட்டா?" என்று கேட்டாள் கனகாம்பாள். இவ்வளவு நேரம் இல்லாத பயம் அவளுக்கு இப்போது வந்திருந்தது.

"தூக்கிட்டுப் போய் என்ன செய்வான்? மேல ஒரு கையெழுத்து இருக்கு. கீழ இடம் காலியா இருக்கு. காசு குடுக்கவன் முன்னால நின்னு இந்தம்மா கீழேயும் போட்டாத்தான் அது காசு. ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணும். அதுவரைக்கும் வெறுந்தாள்."

"வெறுந்தாளா!" கனகாம்பாள் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "அட கஷ்டமே! குருவாயூரப்பனுக்கு வெறுந்தாளையா முடிஞ்சு வெச்சிருக்கேன்? இவ போய்ச் சேர்ந்த கடுதாசி வந்ததும் கொண்டுபோய் உண்டியல்லே போடறேன்னு வேண்டிண்டிருக்கேனே!"

"உண்டியல்ல போட்டா கோயில்காரகளுக்குச் சல்லிக்காசு வராது. இந்தம்மாதான் நேர்ல வரணும்."

"எங்கே வரணும்?"

"இங்க. என் முன்னால நின்னு கீழ கையெழுத்துப் போட்டாகன்னா நான் ரூபாயா எண்ணித் தந்துருவேன். கறை பட்டாலும் எனக்குத் தெரியுமே, இது எந்தக் கறைன்னு. அதைக் கொண்டுபோய் உண்டியல்ல போடுங்க."

"லண்டன்லேருந்து வரணுமா?"

"லண்டன்லேருந்துதான் வரணும்."

"இவ வராம என் பிரார்த்தனை தீராது?"

"தீராது."

"நாலு வருஷம் கழிச்சு வந்தா?"

"இதுக்குக் கெடு கிடையாதும்மா. எப்பம் வந்தாலும் செல்லும்."

கனகாம்பாள் மெல்ல உட்கார்ந்தாள். குடையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், கேட்ட விலைக்குப் பாதியில் பட்டுப் புடவை கிடைத்தவள் முகத்தில்கூட அப்படி வராது.

"பேஷ்," என்றாள். "அப்படீன்னா அது அங்கேயே இருக்கட்டும். நன்னா இருக்கட்டும்."

காமாக்ஷி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கனகாம்பாள் விடுவித்துக்கொள்ளவில்லை. அதோடு அவளுக்கு வாயும் திறந்துவிட்டது. சங்கரலிங்கம் சொன்ன புத்திமதிகளை எல்லாம், அவர் ஒரு வாக்கியம் முடிக்கும் முன்பே, தன் பாஷையில் மாற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

"கேட்டியாடி? எல்லாத்தையும் ஒரே இடத்திலே வெக்காதே. பாதி இடுப்பிலே, பாதி பெட்டியிலே. நம்பர் எழுதின தாள் அதுக்கெல்லாம் தூரமா இருக்கணும். அவசரம்னு கப்பல்லேயே உட்கார்ந்து கீழேயும் கையெழுத்தைப் போட்டு வெச்சுடாதே. கொடுக்கறவன் மூஞ்சியைப் பாத்துண்டுதான் போடணும். கொடுத்த சில்லறையை அங்கேயே நின்னு எண்ணு, பின்னாலே நிக்கறவா முணுமுணுத்தா முணுமுணுக்கட்டும். எவளாவது அக்கா, தங்கைன்னு ஒட்டிண்டு வந்தா நன்னா பேசு. பையை மட்டும் திறக்காதே."

"இந்தம்மாவையே பாங்குல வேலைக்கு வெச்சுக்கிடலாம் போலிருக்கே," என்றார் சங்கரலிங்கம்.

"சம்பளத்தை என் கையிலே கொடுப்பேளா, அவர் கையிலே கொடுப்பேளா?" என்று கேட்டாள் கனகாம்பாள்.

டைப் மெஷின்காரர் வாய்விட்டே சிரித்துவிட்டார்.

திரும்பி வரும்போது ரிக்ஷாவில் சத்தம் தாங்கவில்லை. புளிக்காய்ச்சல் எந்த ஜாடியில், கம்பளி எந்தப் பெட்டியில், கடலில் வாந்தி வந்தால் நாரத்தங்காய் எதில் என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். நாணு கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு திரும்பினான்.

"இனி என்னோடு ஒந்நும் பறயண்டே, அம்மியாரே?"

"உன் வேலை போச்சுடா நாணு. ரோட்டைப் பாத்து இழு."

மூட்டை வண்டிகள் விலகக் காத்திருந்தபோது காமாக்ஷி கேட்டாள். "மன்னி, ஒண்ணு கேக்கட்டுமா? எதுக்கு என்னோட பேசாம இருந்தேள்? நான் என்ன தப்பு பண்ணினேன்?"

கனகாம்பாள் சுக்கு மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ ஒரு தப்பும் பண்ணலை. உங்கண்ணா காலம்பர போனா ராத்திரி வருவார். வந்தாலும் மிளகு விலையாக்கும் பேச்சு. நீயும் போயிட்டா நான் யார்கிட்டேடி பேசறது? அந்தப் பாத்திரங்கள்தான். அதான், நீ இருக்கறச்சேயே அதுகளோட பேசிப் பழகிக்கலாம்னு பாத்தேன்."

"பழகித்தா?"

"தோசைக்கல் பரவாயில்லை. இட்லிப்பானைதான் பதிலே சொல்ல மாட்டேங்கறது."

காமாக்ஷி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவள் தோளில் சாய்ந்து அழுதாள். கனகாம்பாள், "தலை இன்னும் ஈரமாக்கும்" என்று திட்டிக்கொண்டே தன் தலைப்பால் துவட்டிவிட்டாள்.

வீட்டு வாசலில் ரிக்ஷா திரும்பியபோது கல்யாணராமன் நின்றுகொண்டிருந்தார்.

கோடவுனில் மனசு நிலைக்கவில்லை போலிருக்கிறது. முதலாளியிடம் என்ன சொன்னாரோ, சாப்பாட்டு வேளைக்கு முன்பே வந்து வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்திருந்தார். அவருக்குப் பின்னால் கூடத்தில் பெட்டிகள் வாய் பிளந்து கிடந்தன. அவர் கையில் ஒரு சின்ன மஞ்சள் முடிச்சு.

"கனகம், இது என்ன? படத்துக்குப் பின்னாலே இருந்தது. உள்ளே காகிதம் மாதிரித் தட்டுப்படறது." அவர் கட்டைவிரல் நகம் முடிச்சின் மேலேயே இருந்தது.

ரிக்ஷா நிற்கக்கூட இல்லை. கனகாம்பாள் குதித்து இறங்கினாள்.

"கையை எடுங்கோ!"

கல்யாணம் ஆனதிலிருந்து அவரிடம் அவள் அப்படிப் பேசியதில்லை. கல்யாணராமன் விரலை எடுத்துவிட்டார்.

"அதிலேதான் காணாமப் போன தாள் இருக்கு. நான்தான் எடுத்து முடிஞ்சேன். காமு போய்ச் சேர்றதுக்குன்னு முடிஞ்சேன். இப்போ அவ திரும்பி வரதுக்கும் அதுதான். கோவிச்சுக்கறதுன்னா நாளைக்குக் கப்பல் போனப்புறம் ஆற அமர உட்கார்ந்து கோவிச்சுக்கோங்கோ. இப்போ இங்கே கொடுங்கோ."

கல்யாணராமன் மனைவியைப் பார்த்தார். பின்னால் வந்து நின்ற காமாக்ஷியைப் பார்த்தார். இரண்டு முகமும் அழுது சிரித்த முகமாக இருந்தன.

"பாங்கிலே என்ன சொன்னா?"

"எல்லாம் செல்லும்னுட்டா அண்ணா."

"அப்போ கப்பல்?"

"நாளைக்குப் போறா," என்றாள் கனகாம்பாள். "நீங்கதான் துறைமுகம் வரைக்கும் பெட்டி தூக்கணும்."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு அந்த முடிச்சை, பிரசாதம் கொடுப்பதுபோல, இரண்டு கையாலும் எடுத்து அவள் கையில் வைத்தார். வைத்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட பெட்டிகளை ஒவ்வொன்றாக அவரே நிமிர்த்த ஆரம்பித்தார்.

கனகாம்பாள் சாமி அலமாரி முன்னால் வந்து முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போதுதான் கவனித்தாள். முடிச்சின் ஒரு முனை நெகிழ்ந்திருந்தது. முடிகிற அவசரத்தில் அவளே இறுக்காமல் விட்டாளா, அவர் நகம் பட்டு நெகிழ்ந்ததா? மேலே இன்னொரு முடிச்சுப் போடலாமா? போட்டால் அது புதுப் பிரார்த்தனை ஆகிவிடுமா? யாரைக் கேட்பது? அவள் அந்த நூல் முனையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மன்னி, இலை போட்டாச்சு!" என்று உள்ளேயிருந்து காமாக்ஷி கூப்பிட்டாள்.

பாத்திரங்களைக் கூப்பிடாமல், சுவரைப் பார்க்காமல், கனகாம்பாள் நேராகப் பதில் சொன்னாள். "இதோ வந்தேண்டி காமு."

முடிச்சை இருந்தபடியே படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

என் கண்ணுகளா, உங்கள் வீட்டிலிருந்து கடல் தாண்டிப் போனவர்கள் கைக்காசு கைவிட்டுப் போகாமல், போன இடத்தில் முகம் வாடாமல் இருக்கட்டும். அவர்கள் எழுதும் கடுதாசி மழைக்கு முன்னால் உங்கள் வாசலுக்கு வரட்டும். உங்கள் வீட்டில் பேச்சை விட்டவர்கள் இன்றைக்கே பேசிவிடட்டும். உங்கள் சாமி அலமாரியில் முடிந்து வைத்திருக்கிற மஞ்சள் துணிகள் எல்லாம், போனவர்கள் திரும்பி வந்து, அவர்கள் கையாலேயே அவிழட்டும்.